1942 ஏப்ரலில் அந்த நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எங்கே இருந்தன?

கேள்வி:
ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸே காலியானதைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்போது இந்தியப் பெருங்கடலில் ரெசல்யூஷன், ரமிலிஸ், ராயல் சாவரின், ரிவெஞ்ச் என்று நான்கு பெரிய கப்பல்கள் 3வது போர்க்கப்பல் பிரிவாக இருந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 15 அங்குலப் பீரங்கி எட்டு. ஏப்ரல் 5, ஈஸ்டர் காலை, கொழும்பில் குண்டு விழுந்தபோது இவை ஏன் வரவில்லை? பயந்து ஒளிந்துகொண்டார்களா?

பதில் 1:
தண்ணீர்தான் காரணம். பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் சோமர்வில் ஏப்ரல் 1-ஐ ஒட்டித் தாக்குதல் வரும் என்று நம்பி இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். இந்தப் பழைய கப்பல்களில் நன்னீர் தீர்ந்துகொண்டே வந்தது, எதிரியையும் காணோம். சரி, தாக்குதல் இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி மாலத்தீவின் தென்கோடியில் இருக்கும் அட்டு என்ற கடற்படைத் தளத்துக்குப் போய்விட்டார். ஏப்ரல் 4 அங்கே சேர்ந்த அன்றுதான் கட்டலினா என்ற வேவு விமானம் ஒன்று ஜப்பானியப் படையைப் பார்த்துச் செய்தி அனுப்பியது. அட்டுவிலிருந்து இலங்கை சுமார் 600 மைல்.

பதில் 2:
பயந்து ஒளிந்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. இவை முதல் உலகப்போர்க் காலத்துக் கப்பல்கள், கட்டும்போதே வேகம் மணிக்கு 21 கடல் மைல்தான், 1942-ல் அதுவும் இல்லை. எதிரே ஜப்பானிய அட்மிரல் நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிகள். இவற்றைவிட வேகமாக ஓடக்கூடிய டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களே (நடுத்தரப் போர்க்கப்பல்கள்) அதே நாள் மதியம் விமானக் குண்டுகளில் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். பகலில் இந்த நான்கும் மாட்டியிருந்தால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். ரேடார் வைத்த விமானங்களால் இரவில் டார்பிடோ போடுவதுதான் சோமர்வில்லுக்கு இருந்த ஒரே வழி, இரவில் எதிரி அகப்படவே இல்லை. கப்பல்களைக் காப்பாற்றியதே பெரிய காரியம் என்பேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் அவை என்ன ஆயின?

பதில் 3:
மொம்பாசா பக்கம் கிளிந்தினிக்கு அனுப்பிவிட்டார்கள். ரமிலிஸ் மட்டும் மே 30 அன்று மடகாஸ்கரின் தியேகோ சுவாரெஸ் துறைமுகத்தில் ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியிடம் டார்பிடோ வாங்கியது, ஆனாலும் பழுதுபார்த்து 1944 ஜூன் 6 நார்மண்டியில் அதே பீரங்கிகளால் சுட்டது. ராயல் சாவரின் 1944-ல் சோவியத் கைக்குப் போய் அர்கான்கெல்ஸ்க் என்று பெயர் மாறி, 1949-ல் திரும்பியது. மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்கள் ஹெர்மிஸையும் நினைத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 9 அன்று ஒரு விமானம்கூட மேல்தளத்தில் இல்லாத நிலையில் மூழ்கடிக்கப்பட்ட அந்த விமானந்தாங்கி இன்னும் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது.