விடிய விடிய உட்கார வைத்த சீரிஸ் எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போன வாரம் 'செர்னோபில்' பார்த்தேன். ஒரே ஒரு எபிசோடு பார்த்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று ராத்திரி பதினொன்றரைக்குப் போட்டேன். ஐந்தாவது எபிசோடு முடிந்து எழுந்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது. 2019இல் வந்த தொடர், மொத்தமே 5 எபிசோடுகள். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் சோவியத் யூனியனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் உலை வெடித்த கதை. என்ன நடந்தது என்று ஏற்கெனவே தெரியும். அது தெரிந்திருந்தும் எழுந்து போக முடியவில்லை.

முதல் எபிசோடில் ஒரு தீயணைப்பு வீரர் தரையில் கிடக்கும் கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்ப்பார். அது உலைக்குள்ளிருந்து வெளியே வந்து விழுந்த, கதிர்வீச்சு கக்கும் கிராஃபைட். அவருக்கு அது தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். "கீழே போடுய்யா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கதிர்வீச்சை அளக்கும் கருவி 3.6 ராண்ட்ஜென் காட்டுகிறது, மேலதிகாரி அதைக் கேட்டு ஆறுதல்படுகிறார். அந்தக் கருவியின் முள் அதற்கு மேல் போகவே போகாது என்பது பிறகு தெரியும்போது வயிறு கலங்கிப்போனது. நான்காவது எபிசோடில் கூரைமேல் சிதறிய கிராஃபைட்டைத் தள்ள ஆட்களை அனுப்புவார்கள். ஒரு ஆளுக்கு 90 விநாடிதான் அனுமதி. கேமரா வெட்டாமல் ஒரு ஆளின் பின்னாலேயே போகும். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே பார்த்தேன். தொண்ணூறு இவ்வளவு பெரிய எண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது ஆவணப்படம் கிடையாது. உலானா என்று வரும் பெண் விஞ்ஞானி நிஜத்தில் இருந்த ஒருவர் இல்லை, பல விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒரு பாத்திரமாக்கியிருக்கிறார்கள். கடைசியில் அவர்களே அதைச் சொல்லியும்விடுகிறார்கள்.

இனி உங்கள் முறை. வெறும் பெயரைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எப்போது பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், எல்லாம் சொல்லுங்கள். கதை முடிந்த தொடரா, பாதியில் நிற்கிறதா என்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஸ்பாய்லர் வேண்டாம்.

*

செர்னோபிலை ஒரே ராத்திரியில் பார்த்தது சரிதான், அது அப்படிப் பார்க்க வேண்டிய தொடர். ஆனால் நல்ல சீரிஸ் என்றாலே ஒரே மூச்சில் பார்ப்பது என்று ஆகிவிட்டதே, அதில் எனக்கு உடன்பாடில்லை. நான் இழந்ததைச் சொல்கிறேன்.

'தி வயர்' என்ற அமெரிக்கப் போலீஸ் தொடரை மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் விட்டவன் நான். 2002 முதல் 2008 வரை வந்தது, 5 சீசன், 60 எபிசோடு. எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்களே என்று உட்காருவேன். இரண்டு எபிசோடு போகும், யார் போலீஸ், யார் யாருடைய ஆள் என்று ஒன்றும் பிடிபடாது. வேறு எதையாவது போட்டுவிடுவேன். அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு நான்கைந்து எபிசோடு ஓட்டுகிற பழக்கம். வேகமாக ஓடாத எதுவும் எனக்கு மோசமான தொடர்.

நான்காவது தடவை கை ஒடிந்து வீட்டில் கிடந்தேன். இந்த முறை ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன். மூன்றாவது எபிசோடில் ஒரு காட்சி. போதைப்பொருள் விற்கிற இரண்டு பையன்கள் சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு வேறு ஏதோ ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைவிடக் கொஞ்சம் மூத்த ஒருவன் வந்து உட்கார்ந்து, ராஜா என்றால் யார், கோட்டை எதற்கு, முன்னால் நிற்கிற சிப்பாய்கள் என்ன ஆவார்கள் என்று அவர்கள் தொழிலையே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறான். சிப்பாய் கடைசிக் கட்டம் வரை போனால் ராணி ஆகலாமா என்று ஒரு பையன் கேட்கிறான். அவன் கண்ணில் ஒரு ஆசை தெரியும். தொடர் முழுக்க இருக்கிற விஷயம் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. முந்தைய மூன்று தடவையும் நான் அதைப் பார்க்காமலே எழுந்து போயிருக்கிறேன்.

இதை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் நகரத்தில் பத்திரிகை நிருபராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறியும் போலீஸாக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். அதனால்தான் ஒவ்வொரு சீசனும் ஊரின் வேறொரு பக்கத்தைத் திறக்கிறது: தெரு, துறைமுகம், அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை. நான்காவது சீசனில் நான்கு பள்ளிப் பையன்கள் வருவார்கள். அவர்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து என்று ஓட்டியிருந்தால் அந்தப் பையன்கள் எனக்கு வெறும் பாத்திரங்களாகப் போயிருப்பார்கள். தினம் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மிச்ச நேரம் அவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபது நாளில் முடித்தேன். கையும் சரியாகிவிட்டது.

கதை முழுசாக முடிந்த தொடர். பயப்படாமல் ஆரம்பிக்கலாம். பேச்சு வழக்கு ரொம்பக் கடினம், சப்டைட்டில் இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள்.

*

மேலே எழுதிய அண்ணா சொன்னதைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ராத்திரித் துணைக்கு நான்தான். அம்மாவுக்குத் தூக்கம் வராது, எனக்குத் தூங்கப் பயம். என் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்து, ஹெட்போனில் ஒரு பக்கம் அம்மா காதிலும் ஒரு பக்கம் என் காதிலுமாக 'ரிப்ளை 1988' பார்த்தோம். கொரியன் தொடர், 2015 நவம்பரில் ஆரம்பித்து அடுத்த ஜனவரியில் முடிந்தது. 20 எபிசோடு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சினிமா நீளம். அம்மாவுக்குக் கொரியனும் தெரியாது, ஓடுகிற சப்டைட்டிலைப் படிக்கவும் கண் ஒத்துழைக்காது. நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவேன்.

ஒரே சந்தில் ஐந்து வீடு, ஐந்து பிள்ளைகள் சிநேகிதம். கொலை இல்லை, துப்பறிதல் இல்லை. நடுப்பிள்ளையாகப் பிறந்த ஒரு பெண் இருக்கிறாள். அவள் பிறந்தநாளும் அக்கா பிறந்தநாளும் அடுத்தடுத்து வருவதால் ஒவ்வொரு வருடமும் அக்காவுக்கு வாங்கிய கேக்கிலேயே இவளுக்கும் சேர்த்துக் கொண்டாடிவிடுவார்கள். ஒருநாள் அவள் வெடித்து அழுதுவிடுகிறாள். பிறகு அப்பா தனியாக ஒரு கேக் வாங்கிக்கொண்டு சந்தில் வந்து நின்று மன்னிப்புக் கேட்பார். தனக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை, எல்லாம் தெரிந்து பிறக்கவில்லை என்கிற மாதிரி பேசுவார். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா ஹெட்போனை எடுத்துவிட்டு, "உன்னை விட்டுட்டுத் தம்பிக்கு மட்டும் நிறைய செஞ்சிருக்கேன் இல்ல?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த எபிசோடு போடச் சொன்னாள்.

முதல் இரண்டு எபிசோடு மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கதை முடிந்தது, அடுத்த சீசன் என்ற தொல்லை இல்லை. இதே தலைப்பில் 1997, 1994 என்று வேறு இரண்டு தொடர்கள் முன்னாலேயே வந்திருக்கின்றன. அவை வேறு கதை, அவற்றைப் பார்க்காமலே இதைப் பார்க்கலாம். கடைசி எபிசோடை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். அம்மா நலமாக இருக்கிறாள்.

*

அக்கா, படித்து முடிக்கிறதுக்குள் கண் கலங்கிவிட்டது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் தமிழ் சீரிஸ் ஒன்று சொல்கிறேன். 'சுழல்' என்ற மர்மத் தொடர், 2022 ஜூனில் வந்தது. புஷ்கர்–காயத்ரி எழுதியது, 8 எபிசோடு. முதல் நான்கை பிரம்மாவும் மிச்ச நான்கை அனுசரணும் இயக்கினார்கள். ஒவ்வொரு எபிசோடும் ஒரு முடிச்சில் போய் நிற்கும், கை தன்னால் அடுத்ததுக்குப் போகும். நான் ஒரே நாளில் எட்டையும் பார்த்தேன். அதுதான் தப்பு. கடைசி எபிசோடில் உண்மை வெளியே வரும்போது நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அவ்வளவு கனமான விஷயத்தைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மறுநாள் திரும்ப அந்த ஒரு எபிசோடை மட்டும் போட்டுப் பார்த்தேன், ஆனால் அதிர்ச்சி போய்விட்டது. அது திரும்பக் கிடைக்காது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், உங்களுக்கும் உதவும். எபிசோடு முடிகிற இடத்தில் நிறுத்தப் பார்க்காதீர்கள், முடியவே முடியாது. நம்மை இழுக்கத்தானே அந்த முடிச்சையே அங்கே போடுகிறார்கள். அடுத்த எபிசோடைத் தொடங்கி, பத்து நிமிடம் பார்த்து, முடிச்சு அவிழ்ந்து கதை ஆறிய இடத்தில் நிறுத்துங்கள். நிம்மதியாகத் தூக்கம் வரும். தானாக அடுத்த எபிசோடு ஓடுகிற வசதியை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது சீசனும் 2025இல் வந்துவிட்டது. முதல் சீசன் கதை முதல் சீசனிலேயே முடிந்துவிடும்.

*

பத்து நிமிட யோசனை அருமை. இன்றைக்கே செய்து பார்க்கிறேன்.

என் பங்குக்கு 'டார்க்'. ஜெர்மன் தொடர், 2017இலிருந்து 2020 வரை 3 சீசன், 26 எபிசோடு. சின்ன ஊரில் ஒரு பையன் காணாமல் போகிறான். அவனைத் தேடப் போனால் 33 வருடத்துக்கு முன்னாலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அவ்வளவுதான் சொல்லலாம்.

இதை என் அறைத்தோழனோடு பார்த்தேன். இரண்டாவது எபிசோடிலேயே யார் யாருக்கு மகன், யார் யாருடைய இளவயது என்று குழம்பிவிட்டது. அவன் ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து நான்கு குடும்பத்தின் வம்சாவளியைப் போட ஆரம்பித்தான். 2019க்கு நீலப் பேனா, 1986க்குச் சிவப்பு, 1953க்குப் பென்சில். ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் நோட்டைத் திருத்துவோம். சண்டையே வரும். மூன்றாவது சீசனில் ஒரு இடத்தில் அவன் போட்ட கோடு ஒன்று சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே முட்டியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

கவனித்துச் செய்தவர்கள் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம்: கதைக்குள் உலகமே அழிகிற நாளாக 2020 ஜூன் 27ஐக் குறித்திருப்பார்கள், கடைசி சீசனை அதே நாளில்தான் வெளியிட்டார்கள். ஆங்கில டப்பிங் வேண்டாம், ஜெர்மனிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள், குரல்கள் அவ்வளவு முக்கியம். இடைவெளி விட்டால் பெயர்கள் மறந்துவிடும், அதனால் வாரக் கடைசி இரண்டு மூன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கதை முடிந்ததா என்று கேட்டீர்களே, அதில் எனக்கு ஒரு காயம் இருக்கிறது. இதே படைப்பாளிகள் 2022இல் '1899' என்று ஒரு கப்பல் கதை எடுத்தார்கள். ஆசையாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். 8 எபிசோடு, கடைசிக் காட்சியில் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டு நிறுத்தினார்கள். அடுத்த ஜனவரியிலேயே இரண்டாவது சீசன் கிடையாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. நோட்டில் பாதிப் பக்கம் காலியாகவே கிடக்கிறது. அன்றிலிருந்து முடியாத தொடரைத் தொடுவதில்லை. வருடக்கணக்கில் காத்திருந்தாவது முடிந்த பிறகே ஆரம்பிக்கிறேன்.

*

இரண்டு வரி மட்டும். 'அடோலசன்ஸ்', 2025, 4 எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பதின்மூன்று வயதுப் பையனைக் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்வதில் ஆரம்பிக்கிறது. என் மகனுக்கும் அதே வயது. நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனாலும் மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு என்னால் தொடர முடியவில்லை. ஒரு அறை, ஒரு உளவியலாளர், அந்தப் பையன், முழு எபிசோடும் அவ்வளவுதான். நிறுத்திவிட்டு மகன் அறைக் கதவைத் தட்டினேன். அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான்காவதை இருவரும் சேர்ந்தே பார்த்தோம்.

*

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு மனசு விட்டு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஐந்து மணி நேரத் தொடருக்கும் அறுபது மணி நேரத் தொடருக்கும் நான் ஒரே வேகம் வைத்திருந்தேன். 'பிரேக்கிங் பேட்' 62 எபிசோடையும் இரண்டே வாரத்தில் ஓட்டினேன். 2008 முதல் 2013 வரை வாரம் ஒன்றாகக் காத்திருந்து பார்த்தவர்கள் ஒவ்வொரு முடிச்சையும் ஏழு நாள் சுமந்திருப்பார்கள். எனக்குப் பல எபிசோடுகள் ஒன்றோடொன்று கலந்துபோய், எது எங்கே வந்தது என்றே சொல்ல முடியவில்லை. ஆனால் ஈ ஒன்று போதைப்பொருள் தயாரிக்கும் ஆய்வகத்துக்குள் புகுந்துவிட, அதைத் துரத்துவதிலேயே ஒரு முழு எபிசோடும் போகுமே, அது மட்டும் அப்படியே நிற்கிறது. அன்றைக்குக் கரண்ட் போய்விட்டதால் அதோடு நிறுத்த வேண்டிவந்தது.

இன்று ராத்திரி 'தி வயர்' தொடங்குகிறேன். ஒன்று மட்டும். ஆஸ்பத்திரி பற்றி எழுதிய சகோதரிக்கு: 'ரிப்ளை 1988' என் பட்டியலில் அடுத்தது. அதை என் அம்மாவோடுதான் பார்ப்பதாக இருக்கிறேன். அவளுக்கும் சப்டைட்டில் படிக்க வராது.