அந்த 1.44-க்கு யார் பதில் சொல்வது?

கண்டனூரான்:
"நல்ல கோடுக்குக் கமெண்டே தேவையில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே அருள்வாக்குச் சொல்லியிருந்தார். அதாவது, புரோகிராம் வரிகளுக்கு நடுவே, படிக்கிறவருக்காக எழுதிவைக்கும் குறிப்பே வேண்டாமாம். சரி, கேளுங்கள். காரைக்குடியில் ஒரு கடைக்கு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடும் பைத்தான் புரோகிராம். யாரோ எழுதிவிட்டுப் போனது. உள்ளே ஒரே வரி: சதுரஅடி * 1.44 * 1.1. வளவைச் சுற்றி 800 சதுர அடிக்கு எட்டு அங்குலக் கல் கேட்டார்கள். 1268 என்றது. வேண்டியது 1980! கொத்தனார் பாதியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். '1.44 பத்து அங்குலக் கல்லுக்கு மட்டும்' என்று மேலே ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

தேவகோட்டைத் தம்பி:
அருள்வாக்குச் சொன்னது நான்தான். ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம்; 144 / (அளவு * அளவு) என்று எழுதியிருந்தால் எட்டும் சரியாக வரும், பத்தும் வரும். கமெண்ட் எதற்கு?

கண்டனூரான்:
எழுதியிருந்தால்! என் கையில் வந்தது 1.44. அப்புறம், அந்த 1.1 எங்கே போனது?

தேவகோட்டைத் தம்பி:
உடைசல்_விகிதம் என்று பெயர் வையுங்கள். முடிந்தது.

கண்டனூரான்:
உடைசல் மட்டுமா? ஓரத்துக்கு வெட்ட வேண்டும். கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்கிற கல். பிறகு நாலு கல் வாங்கினால் நிறம் ஒட்டாது. அதனால்தான் முதலிலேயே பத்து சதவீதம் கூடுதல். இத்தனையையும் ஒரு பெயரில் அடைப்பீர்களா?

கோட்டையூர்க்காரன்:
குறுக்கிடுகிறேன். அது கல் இல்லை, டைல்ஸ். சிமெண்டும் மணலும்.

கண்டனூரான்:
எங்கள் அப்பத்தா கல் என்றுதான் சொல்வார்.

தேவகோட்டைத் தம்பி:
கமெண்ட் பொய் சொல்லும். என் பழைய வேலையில் விற்பனை வரி கமெண்டில் 12 சதவீதம், கோடில் 18. கமெண்டை நம்பி இரண்டு நாள் போனது.

கண்டனூரான்:
கோலம் அழிகிறது என்று வாசல் தெளிப்பதையே விட்டுவிடுவீர்களோ? கோடை மாற்றுகிறவன் கமெண்டையும் மாற்ற வேண்டும். 1.44-க்கு வாருங்கள்.

புதுவயல்:
1975-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பிலேயே 'இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை' என்று கமெண்ட் உண்டு. அதுவும் கமெண்ட்தானே?

கண்டனூரான்:
திமிரில் எழுதியது இல்லை அது. 'பரீட்சைக்கு வராது' என்கிற அர்த்தத்தில் எழுதியதாக யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே பிறகு சொன்னார். அரைகுறையாகப் படித்துவிட்டு வராதீர்கள்.

தேவகோட்டைத் தம்பி:
போன மாதம் கோடு வரியை உள்தள்ள டேபா ஸ்பேஸா என்ற சண்டையிலும் இப்படித்தான் எல்லோர் வாயையும் அடைத்தீர்கள்.

கண்டனூரான்:
அதிலும் நான் சொன்னதுதான் சரி. 1.44?

கோட்டையூர்க்காரன்:
பன்னிரண்டு அங்குல டைல்ஸுக்கு எவ்வளவு வரும்?

கண்டனூரான்:
ஒன்று. கல்.