மானிட்டர் திரைக்குப் போடும் பிளாஸ்டிக் கவர்: ஆளுக்கு ஆள் மாற்றுகிறீர்களா?

பாம்பன் நர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் எட்டுப் படுக்கை உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கேஷுவல்டி நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் இருப்பது நோயாளியின் நாடித்துடிப்பும் ஆக்ஸிஜன் அளவும் காட்டும் ஒரே ஒரு மானிட்டர், ஒரு இசிஜி மெஷின், டாக்டர் கையோடு கொண்டுவரும் சின்ன ஸ்கேன் மெஷின். மூன்றுமே விரலால் தொட்டு இயக்கும் திரை வைத்தவை.

ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முதல் வாரம் எங்களுக்கு எப்போதும் கூட்டம்தான். இரண்டு மாசம் கரையில் இருந்த கை. தூண்டில் முள் ஏறினது, கயிறு உள்ளங்கையை அறுத்தது என்று வந்துகொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு ராத்திரி ஒரு அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலையைக் கொட்டும்போது திருக்கை வாலை வீசியதில் கணுக்காலுக்கு மேலே முள் ஏறியிருந்தது. ஆள் வலியில் துடிக்கிறார். பொறுக்கும் அளவு சூடுதண்ணியில் காலை வைக்கச் செய்து, ஊசி போட்டு, மானிட்டரை மாட்டினேன். அவர் உதற உதற விரல் கிளிப் கழன்று அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. காயத்தைப் பிடித்திருந்த அதே கிளவுஸ் கையால்தான் ஒவ்வொரு முறையும் திரையைத் தட்டி நிறுத்தினேன்.

காலையில் ட்யூட்டி முடிக்கும் முன் கவரைக் கழற்றினேன். அலாரம் நிறுத்தும் பட்டனுக்கு நேர் கீழே, திரையும் சட்டமும் சேருகிற இடுக்கில், மிளகு அளவுக்கு ஒரு காய்ந்த கறை. கவருக்கு வெளியே இல்லை, உள்ளே. ஓரம் தூக்கிக்கொண்டு நின்ற இடம் வழியாக இறங்கியிருக்கிறது. அதே கவரோடுதான் விடியக்காலை ஒரு நிறைமாதப் பெண்ணுக்கும், மூச்சுத்திணறி வந்த மூன்று வயசுப் பையனுக்கும் அந்த மானிட்டரை மாட்டினோம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கவர் எது என்றும் சொல்லிவிடுகிறேன். பல் ஆஸ்பத்திரிகளில் ஒட்டுகிற நீல நிற ரோல் ஒன்று வாங்கித் தந்தார்கள். 4க்கு 6 அங்குலத் தாள், ஒரு ரோலில் 1200. எங்கள் திரைக்கு அது பத்தாது. இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் சேருகிற இடத்தில் எண் சரியாகத் தெரியாது. அந்தப் பையனுக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 83-ஆ 88-ஆ என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ரோல் தீர்ந்தால் சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுற்றுகிறோம்.

கவரை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டுமா, ஷிஃப்டுக்கு ஒன்று போதுமா? “கவர் இருக்கிறதே, துடைப்பது எதற்கு” என்கிறார் எங்கள் இன்சார்ஜ், அது சரியா? காய்ந்த கறையை ஸ்பிரிட் வைத்துத் தேய்த்தேன், போகவே மாட்டேன் என்கிறது. கழற்றிய கவர் எந்தப் பையில் போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை சிஸ்டர் (பணி ஓய்வு) எழுதியது:

தங்கச்சி, 33 வருஷம் வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் இருந்தவள் சொல்கிறேன். உள்ளே இறங்கிய கறையைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். நான் பயப்படுவது கவரின் மேல்பக்கத்துக்கு. ரத்தக் கையோடு திரும்பத் திரும்பத் தட்டிய இடம் அது. அதே இடத்தைத் தொட்ட விரல்தான் அடுத்து அந்தப் பையனின் விரலில் கிளிப் மாட்டியது. உள்ளே இருந்த மிளகுக் கறையை யாரும் தொடவில்லையே.

அதனால் ஆளுக்கு ஆள் மாற்றியே ஆக வேண்டும். ஷிஃப்டுக்கு ஒன்று என்றால் அது மெஷினைத்தான் காப்பாற்றும், நோயாளியைக் காப்பாற்றாது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2003-இல் பல் மருத்துவத்துக்கு எழுதிய வழிகாட்டுதலிலும் இதுதான் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் கவர் மாற வேண்டும். கழற்றியதும் அடியில் பார்க்க வேண்டும். கறையோ கிழிசலோ இருந்தால் அப்போதே சுத்தம் செய்து கிருமிநாசினி போட வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் நாள் முடிவில் ஒரு முறை துடைத்தே ஆக வேண்டும். உங்கள் இன்சார்ஜிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், கோபப்பட வேண்டாம். கவர் வந்ததும் துடைப்பதை விட்டுவிடுவது நான் வேலை பார்த்த இடங்களிலும் நடந்திருக்கிறது.

காய்ந்த ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் காய்ந்த பரப்பில் மாதக்கணக்கில் இருக்கும் என்று ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் முடிந்ததா? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

கழற்றும் முறைதான் முக்கியம், அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நோயாளியைத் தொட்ட கிளவுஸோடு கவரின் ஒரு மூலையைப் பிடித்து, அழுக்குப் பக்கம் உள்ளே போகிற மாதிரி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி எடுங்கள். அதைப் பையில் போட்டு, அடுத்து கிளவுஸைக் கழற்றிப் போட்டு, கை கழுவி, பிறகு வெறும் சுத்தக் கையால் புதுக் கவர் போடுங்கள். புதுக் கவரை அழுக்குக் கிளவுஸோடு எடுத்தால் ரோல் முழுக்கக் கெட்டது. ரோலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? டிரஸ்ஸிங் டிராலியின் கீழ்த்தட்டில் இருந்தால் உடனே இடம் மாற்றுங்கள்.

பை சிவப்பு. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் அசுத்தமான பிளாஸ்டிக் எல்லாம் சிவப்பில்தான் சேரும். ஆவியில் வேகவைத்துத் துண்டாக்கி மறுசுழற்சிக்குப் போகும். ரத்தத்தில் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள். அவசரத்தில் பஞ்சைக் கவருக்குள் சுருட்டி எறிவார்கள். அது வேண்டாம், இரண்டும் போகிற வழி வேறு.

ராமநாதபுரம் பயோமெட் எழுதியது:

சிஸ்டர், நான் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் போய்வருகிறேன், அதனால் மெஷின் பக்கம் பேசுகிறேன்.

ஸ்பிரிட்டில் கறை போகாததற்குக் காரணம், ஆல்கஹால் ரத்தத்தின் புரதத்தை உறைய வைத்துவிடும். முட்டை வெந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதலில் லேசான சோப்புத் தண்ணியில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை ஒரு நிமிஷம் கறை மேல் வைத்து ஊற விடுங்கள், வழித்துக்கொண்டு வரும். பிறகுதான் கிருமிநாசினி. எந்தத் திரவத்தையும் திரை மேல் நேராகத் தெளிக்காதீர்கள். துணியில் தெளித்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். தரைக்குப் போடும் ஹைப்போவை (ப்ளீச் திரவம்) திரைக்குக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த நீலத் திரவமும் வேண்டாம், கண் கூசாமல் இருக்கப் பூசிய மேல்பூச்சு உரிந்து திரை திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். உங்கள் மாடலுக்கு எது ஆகும் என்று கையேட்டில் சுத்தம் செய்யும் பகுதியில் பெயர் போட்டு எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

அடுத்து நம் ஊர் விஷயம். உப்புக்காத்து. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் துருவை ஆராய மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள், இந்தக் காத்து எப்படிப்பட்டது என்று. காத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக ஈரத்தை இழுத்துத் தண்ணியாகிவிடும், பாம்பனில் ராத்திரிக்கு ராத்திரி நடப்பது அதுதான். உப்புப் படிந்த திரைமேல் கவரைப் போட்டு நாள்கணக்கில் விட்டால் அந்த ஈரம் காயவே காயாது. போன வருஷம் இப்படி ஒரு மானிட்டரைத் திறந்தேன். திரைக் கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, கீழ்ச் சட்டத்தின் திருகுகள் பச்சைப் பிடித்துக் கிடக்கின்றன. மூன்று மாசமாகக் கழற்றாத கவர். அதனால் துடைத்து, காயவிட்டு, பிறகு மூடுங்கள். மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் கவர் இல்லாமல் இருக்கட்டும், ஜன்னலை மட்டும் சாத்திவையுங்கள்.

கவருக்குள் காத்து போகும் ஓட்டைகளும் ஸ்பீக்கரும் அலாரம் விளக்கும் மாட்டக் கூடாது. அலாரம் சத்தம் அடங்கிப்போவது கிருமியைவிடக் குறைந்த ஆபத்து இல்லை. முன்பக்கம் மட்டும் மூடினால் போதும். போட்டதும் உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டு, நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து எண்கள் தெளிவாகப் படிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். 83, 88 குழப்பம் வந்தால் அந்தக் கவர் உடனே குப்பைக்குப் போக வேண்டும்.

திரையிலும் வகை உண்டு. செல்போன் மாதிரி லேசாகத் தொட்டாலே வேலை செய்வது மெல்லிய கவருக்கு மேலும் வேலை செய்யும். ஆனால் கவர் மேல் தண்ணீர்த்துளி நின்றால் தானாகவே பட்டன் அழுத்துப்படும். அழுத்தித் தொட வேண்டிய பழைய வகை என்றால் கவரை இழுத்துக் கட்டாதீர்கள், இழுப்பே அழுத்தமாகிவிடும்.

தொண்டி லேப் எழுதியது:

எங்கள் லேபில் திரைக்குக் கவர் போடுவதையே நிறுத்திவிட்டோம். தட்டையான கண்ணாடி, துடைக்க அரை நிமிஷம். கவர் கழற்றிப் போட்டு, கை கழுவி, மறுபடி ஒட்ட அதைவிட அதிக நேரம். இடுக்கு இடுக்காக இருக்கும் கீபோர்டுக்கு மட்டும் சிலிக்கான் உறை போட்டு, சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறோம். கேஷுவல்டியில் ரத்தம் தெறிக்கும், அங்கே கவர் வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். எல்லா மெஷினுக்கும் வேண்டும் என்று ஆரம்பித்தால் சிவப்புப் பை நிறையும், ரோல் தீரும், பத்து நாளில் ஆளுக்கு ஆள் மாற்றுவதை நிறுத்திவிடுவார்கள்.

கீழக்கரை சிஸ்டர் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தட்டையாகத் துடைக்க முடிகிற இடத்தில் துடைப்பதே போதும். குமிழ், பட்டன், இடுக்கு, ரத்தக் கை படும் இடம், இவற்றுக்குக் கவர். இன்னொன்று தங்கச்சி, சமையலறை பிளாஸ்டிக் சிலது பிவிசி, அதாவது குளோரின் கலந்தது. எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். 2016 விதிகள் குளோரின் கலந்த பைகளையும் கையுறைகளையும் கைவிடச் சொல்வது அதனால்தான். சாதாரணப் பாலித்தீனாகப் பார்த்து வாங்குங்கள்.

பாம்பன் நர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

கறை சோப்புத் தண்ணியில் வந்துவிட்டது, பயோமெட் சார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேல்பக்கம் பற்றி சிஸ்டர் எழுதியதைப் படித்தபோது கை நடுங்கியது, உண்மை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் வீட்டுக்கும் போன் போட்டு விசாரித்தோம், நன்றாக இருக்கிறான். எனக்குத் தடுப்பூசி இரண்டோடு நின்றுபோயிருந்தது, மூன்றாவதைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது கேஷுவல்டி மானிட்டருக்கு மட்டும் கவர். ராமநாதபுரத்தில் தடிமனான பாலித்தீன் தாள் எடைக்கு வாங்கி, திரையைவிட இரண்டு அங்குலம் அதிகம் விட்டு ஆயாம்மாவும் நானும் வெட்டி அடுக்கிவிட்டோம். ஒரு மூலையை மட்டும் மடித்து விடுகிறோம், கிளவுஸ் கைக்குப் பிடிக்க வாகாக இருக்கிறது. அடுக்கு இப்போது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் கொக்கி போட்டுத் தொங்குகிறது. கை கழுவாமல் அங்கே போக முடியாது. இசிஜியைத் துடைக்கிறோம், அவ்வளவுதான். இன்சார்ஜ் முதலில் முகம் சுளித்தார். மூன்று மாசம் கழற்றாத கவர் கதையைப் படித்துக் காட்டியதும் எங்கள் மானிட்டரின் கீழ்ச் சட்டத்தை அவரே குனிந்து பார்த்தார்.

இரண்டு பேர் ட்யூட்டியில் இருந்தால் ஒருத்தர் நோயாளியைத் தொடுவார், மற்றவர் திரையை மட்டும் தொடுவார். அலாரம் அடித்தால் “திரை” என்று குரல் கொடுக்கிறோம். தனியாக இருக்கும் ராத்திரிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ஒவ்வொரு அலாரத்துக்கும் கிளவுஸ் மாற்ற முடியாது. கிளிப் கழலாமல் இருக்க விரலோடு சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தேன், மீன் எண்ணெய்ப் பிசுக்குக் கையில் ஒட்டவில்லை. காது மடலில் மாட்டுகிற கிளிப் எங்கள் மானிட்டருக்குச் சேருமா, சார்? உதறுகிற ஆளுக்கு அது நிற்குமா?