தனித்த குவாண்டம் அமைப்பு எப்படி வெப்பச் சமநிலை அடைகிறது?

கேள்வி (தருமபுரி, முதுகலை இயற்பியல்): வெளியுலகோடு தொடர்பற்ற பல்துகள் அமைப்பின் அலைச்சார்பு (அதன் குவாண்டம் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு), தொடக்க நிலையின் தகவல் எதையும் இழக்காமலே மாறிக்கொண்டிருக்கும்போது, அது சமநிலை அடைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுமொழி (கிருஷ்ணகிரி): முழு அமைப்பு அடைவதில்லை, அதன் சிறு பகுதிதான் அடைகிறது. குவாண்டம் பின்னல் (துகள்களின் நிலைகளைத் தனித்தனியே விவரிக்க முடியாதபடி இணைக்கும் தொடர்பு) பரவப் பரவ, தொடக்கத் தகவல் சில துகள்களை மட்டும் அளந்தால் தென்படாதபடி எங்கும் சிதறிவிடுவதால், மீதமுள்ள துகள்களே அப்பகுதிக்கு வெப்பத் தேக்கமாகின்றன, அதாவது வெப்பத்தை வாங்கியும் கொடுத்தும் அதைச் சமநிலைக்குக் கொண்டுவரும் சூழலாகின்றன. இயற்பியலாளர்கள் டாய்ச் 1991இலும் ஸ்ரெட்னிக்கி 1994இலும் முன்வைத்த கருத்தின்படி, தனியொரு ஆற்றல் ஐகன் நிலையே (ஆற்றல் திட்டவட்டமாக உள்ள குவாண்டம் நிலை) அவ்வாற்றலுக்குரிய வெப்பச் சராசரியை, அதாவது சமநிலையில் எதிர்பார்க்கும் சராசரி அளவீட்டைத் தந்துவிடுகிறது.

மறுமொழி (ஓசூர்): விதிவிலக்கும் உண்டு. 2006இல் கினோஷிட்டா, வெங்கர், வைஸ் ஆகியோர் ஒற்றைப் பரிமாணத்தில் அடைத்த ருபீடியம் அணுக்கள், ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் சமநிலைக்கு வரவில்லை; மாறா அளவுகள் (மோதல்களால் மாறாமல் காக்கப்படும் அளவுகள்) மிகுதியாக இருப்பதே காரணம்.

கேட்டவர்: வகுப்பில் காட்டிய சூடு ஆறிப்போகும் தேநீர் உவமை இங்கே பொருந்தாது என்பது இப்போது புரிகிறது, தேநீருக்கு வெளியே ஓர் அறை இருக்கிறது.