1860 அட்டவணைக்கும் 1870 சென்சஸுக்கும் நடுவில்: அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களைத் தேடியவர்கள் எழுதுங்கள்

ஓலைநறுக்கு
1860 சென்சஸில் அடிமைகளை மட்டும் தனியாக எண்ணிய அடிமை அட்டவணையைத் திறந்தவர்களுக்குத் தெரியும். இடது ஓரத்தில் முதலாளி பெயர். கீழே 35, ஆண், கறுப்பு; 30, பெண், கறுப்பு; 8, பெண், முலாட்டோ (கலப்பினம்). அடிமைகளில் ஒருவருக்கும் பெயர் இல்லை. கடைசிப் பத்தியில் அடிமைக் குடிசைகள் எத்தனை என்று மட்டும் ஒழுங்காக எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த 8 வயதுக்காரி மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். விடுதலைக்குப் பிந்தைய 1870 சென்சஸில் பெயர் வருகிறது, சரி. ஆனால் வயதெல்லாம் குத்துமதிப்பு. 18 என்று தேடினால் போதாது, 15 முதல் 22 வரை பார்க்கவேண்டும். ஒரே கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) டஜன் பேர் தேறுகிறார்கள்.

புழுதிக்கட்டு
விடுதலையானவர்களுக்காகத் தொடங்கிய சேமிப்பு வங்கியான ஃப்ரீட்மன்ஸ் பேங்கின் பதிவேடு பார்த்தீங்களா? அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பக மைக்ரோஃபிலிம் எம்816, 27 சுருள், 1865 முதல் 1874 வரை. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். கணக்குத் திறக்க வந்தவரின் பிறந்த ஊர், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லாம் கேட்டு எழுதியிருப்பாங்க. பழைய படிவம் என்றால் எஜமானர் பெயர், தோட்டத்தின் பெயருக்கும் தனி வரி உண்டு. பிந்தைய படிவங்களில் அதை எடுத்துட்டாங்க. தளத்தின் பெயர்ப்பட்டியலோடு நிறுத்தாமல் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறங்க. ஓரத்தில் கிறுக்கிய குறிப்பில்தான் யாரை எங்கே விற்றார்கள் என்பது இருக்கும்.

கணக்குப்பிள்ளை
புழுதிக்கட்டு சொல்வது கிளை இருந்த ஊர்க்காரர்களுக்குத்தான் ஆகும். 29 கிளைகளின் பதிவேடுதான் மிஞ்சியிருக்கிறது. பருத்திக்காட்டில் கிடந்தவர் அதில் எங்கே வருவார்?

இன்னொன்று. விடுதலையானவர் கடைசி முதலாளியின் குடும்பப்பெயரைத்தான் வைத்துக்கொண்டார் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். முந்தைய முதலாளியின் பெயராக இருக்கலாம், அவராகத் தேர்ந்ததாகவும் இருக்கலாம். அதனால் பெயரை விட்டு இடத்தைப் பிடியுங்கள். 1870 பக்கத்தில் அந்தக் குடும்பத்துக்கு முன்னும் பின்னும் நாலைந்து பக்கம் புரட்டி, நில மதிப்பு அதிகமுள்ள வெள்ளையர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களை 1860 அடிமை அட்டவணையில் தேடி, வயதும் பாலும் ஒத்துவருகிறவரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் புரோபேட்டுக்கு (இறந்தவர் சொத்து பற்றிய நீதிமன்றப் பதிவு) போங்கள். முதலாளியோ அவர் அப்பாவோ மாமனாரோ செத்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் கோவேறு கழுதைக்கும் கலப்பைக்கும் நடுவே ஆட்களின் பெயர் இருக்கும், எதிரே டாலர் மதிப்பு. தாயையும் கைக்குழந்தையையும் பெரும்பாலும் ஒரே வரியில் போடுவார்கள். ஓலைநறுக்கு தேடும் பெண் கிடைத்தால் அங்கேதான்.

இந்தப் புரோபேட் தொகுதிகள் பல பெயர்த்தேடலில் விழாது. ஃபேமிலிசர்ச் கேட்டலாக்கில் கவுண்டி பெயரைப் போட்டு, புரோபேட் தலைப்பைத் திறந்து, புத்தகத்தின் முன்பக்க அகரவரிசையைப் பாருங்கள். பக்க எண்ணும் பட எண்ணும் வேறு வேறு. இரண்டையும் எழுதி வையுங்கள், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. 2024-இல் ஃபேமிலிசர்ச்சில் வந்த முழு உரைத் தேடல் கையெழுத்தையும் படிக்கிறது, ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து எஸ்ஸும் எல்லும் அதற்கு ஒன்றுதான். விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மன்ஸ் பீரோவின் 1865, 66 கூலி ஒப்பந்தங்களையும் விடாதீர்கள். தோட்ட முதலாளி பெயரில் தேடினால் மொத்தப் பட்டியலும் வந்துவிடும்.

புழுதிக்கட்டு
கணக்குப்பிள்ளை ஐயா, வங்கியில் பணம் போட்டவர்களில் கறுப்பினப் படைவீரர்களும் உண்டு. பருத்திக்காட்டிலிருந்து தப்பியோடிப் படையில் சேர்ந்தவர்கள்தானே அவர்களில் பலர்? கிளை இருந்த ஊரை வைத்து ஆளை ஒதுக்காதீங்க.

மைக்கூடு
நியூ ஆர்லியன்ஸில் வந்த சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் பத்திரிகையின் ‘லாஸ்ட் ஃபிரண்ட்ஸ்’ பகுதியை யாரும் சொல்லவில்லையே! பிரிந்துபோன அம்மாவை, தங்கையைத் தேடி எழுதிய கடிதங்கள். சந்தாதாரருக்கு இலவசம், மற்றவருக்கு 50 சென்ட். போதகர்கள் இதைத் தேவாலய மேடையிலிருந்து வாசிக்கவேண்டும் என்று மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்‌ஷன் தளத்தில் தேடலாம். ஒரே கடிதத்தில் மூன்று நான்கு முதலாளிகள் பெயர் வரும், எழுத்துக்கூட்டல் காதில் விழுந்தபடி இருக்கும். முதலாளி பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கவுண்டி பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.