புதுப்பிப்பு: டெபியன் 13 வந்தாச்சு, 2038 வேலை முடிந்தது

டெபியன் என்பது லினக்ஸ் வகை இலவச இயங்குதளம். 32-பிட் கணினிகளின் நேரக் கணக்கை 64-பிட்டுக்கு மாற்றும் அதன் வேலையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 2024 தொடக்கத்தில் அன்ஸ்டேபிளில் (டெபியனின் மேம்பாட்டுப் பதிப்பு) இந்த வேலையால் பல மென்பொருள் தொகுப்புகளை நிறுவ முடியாமல் இருந்தது. "இது எப்போ முடியும்?" என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, வெளியானது. அந்த மாற்றம் முழுதாக இதில் இருக்கிறது. நேரத்தை நொடிகளாக எண்ணும் பழைய 32-பிட் எண்ணி 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும் என்பதால்தான் இத்தனை பாடு. நேரத்தின் அளவு மாறினால் நிரல்கள் நூலகத்தோடு (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரல்தொகுதி) பேசும் முறையும் மாறிவிடும். பழைய நிரல் புது நூலகத்தில் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று நூற்றுக்கணக்கான நூலகத் தொகுப்புகளின் பெயரில் 'டி64' ஒட்டினார்கள். 64-பிட் கணினியிலும் அந்தப் பெயர்களைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், அங்கே பெயர் மட்டும்தான் மாற்றம்.

ஐ386-க்கு, அதாவது 32-பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான பதிப்புக்கு, இந்த மாற்றத்திலிருந்து விலக்கு. பழைய பைனரிகளை (ஏற்கெனவே ஓடத் தயாராக உள்ள நிரல்கள்) ஓட்டுவதுதான் இனி அதன் வேலை, மாற்றினால் அவையே ஓடாது. சரியான முடிவுதான். ஆனால் அதற்கு இனி கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இல்லை, நிறுவியும் இல்லை. பழைய 32-பிட் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் டெபியன் 12-லேயே இருங்கள்.

ரிஸ்க்-வி 64 என்ற செயலி வகை முதல்முறையாக டெபியன் ஆதரிக்கும் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

அப்புறம், மேம்படுத்துமுன் ஒன்று: தற்காலிகக் கோப்புகளுக்கான '/டிஎம்பி' கோப்புறை இனி இயல்பாகவே ரேமில் இருக்கும். அங்கே பெரிய கோப்புகளைப் போடும் பழக்கம் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.