கதவு நிலையில் ஒரு கோடு கீழே இறங்கியது

பெஞ்சுக்காரி:

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் நிலையில் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வருகிறோம். அவளுக்கு இப்போது 11 வயது. எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்ற அன்று போட்டதுதான் முதல் கோடு. பக்கத்திலேயே என் கணவரின் கையெழுத்தில் தேதியும், ‘ஆடிக்கொண்டே நின்றாள்’ என்ற குறிப்பும் இருக்கின்றன. அந்தக் கோட்டை யாரும் நம்ப வேண்டாம்.

மற்றவற்றை நம்பலாம். குதிகால், முதுகு, பின்னந்தலை மூன்றும் நிலையைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சாயாமல் வைத்து, அதன் அடியில் கோடு. இதில் அவள் செய்யாத திருட்டு இல்லை. குதிகாலை எம்புவாள், கொண்டையை உச்சியில் போட்டுக்கொண்டு வருவாள். சென்ற ஆண்டு புதிதாக ஒன்று கண்டுபிடித்தாள். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கண்ணைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து நிலையில் ஒட்டிக்கொண்டாள். பகல் முழுவதும் நிற்பதிலும் நடப்பதிலும் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வுத் தட்டுகள் அமுங்கி, இரவுக்குள் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறோம் என்று எங்கோ படித்திருக்கிறாள். உண்மைதான். அதனால் இப்போது வீட்டுச் சட்டம்: பிறந்தநாள் அன்று, மாலையில் மட்டும்.

அந்த நிலையை உற்றுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பிறந்தபோது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் ஆண்டில் மட்டும் 25 சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் அதில் பாதி. பிறகு வேகம் குறைந்து, நான்கு வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் என்று நிதானப்படுகிறது. கீழே தாவித் தாவி ஏறும் கோடுகள், அதற்கு மேலே கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல ஒழுங்காக நிற்கின்றன. கடைசி இடைவெளி மட்டும் மறுபடி பெரிதாகியிருக்கிறது. அதைப் பார்த்து நான் மகிழ்ந்ததைவிடத் திகைத்ததே அதிகம். இவ்வளவு சீக்கிரமா?

இந்த ஆண்டு அவள் என்னையும் நிற்கச் சொன்னாள். எனக்கு 46 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன் விளையாட்டாகப் போட்ட என் கோடு ஒன்று அங்கே இருந்தது. புதிய கோடு அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே விழுந்தது. புத்தகத்தை மாற்றினோம், மறுபடி அளந்தோம். அதே இடம். பழைய கோட்டைக் காலையில் போட்டிருப்பீர்கள் என்று கணவரிடம் வாதாடிப் பார்த்தேன். நாற்பதைக் கடந்தவர்கள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைவது இயல்புதானாம். மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “இனிமேல் நீ அளக்க வேண்டாம், அம்மா” என்றாள், மெதுவாக.

அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட வகுப்பு. அவள் ஆறு வயதில் நீந்தக் கற்றுக்கொண்டபோது, கையில் துண்டோடு குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். முன்பல் இரண்டும் விழுந்திருந்த வாயோடு 25 மீட்டரைக் கடந்து அவள் சுவரைத் தொட்டபோது நான் கத்திய கத்தலில் அடுத்த பெஞ்சுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ‘நமக்கும் ஒருநாள்’ என்று அன்றே நினைத்தேன். அவள் பெரிய வகுப்புக்குப் போகட்டும், பல் எல்லாம் முளைத்து முடியட்டும் என்று நாள் கடத்தினேன். அவள் பல் முளைப்பதற்கும் நான் நீந்துவதற்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், வெட்கமாக இருக்கிறது. பயிற்சியாளருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். “மேடம், தண்ணீரை முறைக்காதீர்கள், முகத்தை உள்ளே வையுங்கள்” என்றார். மூச்சைப் பிடிப்பது எளிது. தண்ணீருக்குள் அதை மூக்கு வழியாகக் குமிழியாக விடுவதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு தானாக மிதக்கிறது, கால்தான் கனக்கிறது. பயந்து தலையைத் தூக்கினால் கால் இன்னும் கீழே போகிறது. பயப்படாமல் இருந்தால்தான் மிதக்க முடியும், மிதந்தால்தான் பயம் போகும் என்பது எந்த ஊர் நியாயமோ.

மூன்றாவது வாரம் யாரும் பிடிக்காமல் ஐந்து நொடி மிதந்தேன். வீட்டில் சொல்லவில்லை. ஐந்து நொடியைப் போய் யாரிடம் சொல்வது? இரவு மகள்தான் நச்சரித்து வாங்கினாள். கேட்டதும் பென்சிலோடு போய், நிலையில் முழங்கால் உயரத்தில் ‘அம்மா – 5 நொடி’ என்று எழுதினாள். ஏன் அவ்வளவு கீழே என்றேன். “இப்போதுதானே தொடங்கியிருக்கிறாய்” என்றாள்.

அவள் முதன்முதலில் ஓரடி எடுத்து வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்த அன்று, உறவினர் அத்தனை பேருக்கும் தொலைபேசியில் சொன்னேன். ஒரே அடிதானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

இரட்டையர் அப்பா:

சகோதரி, எங்கள் வீட்டில் கோடே வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அளவுகோல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மகன் 11 மாதத்தில் நடந்தான். மகள் 16 மாதம் எடுத்துக்கொண்டாள். அந்த ஐந்து மாதமும் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அவள் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். போதாததற்கு அவள் தவழவும் இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து அறை முழுவதும் சுற்றினாள். ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கை மருத்துவர் காட்டினார். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்வதே இல்லை. அந்தத் தாளை நகலெடுத்துக் கூடத்தில் ஒட்டி வைத்தேன், விருந்தினர் படிப்பதற்காக.

இப்போது இருவருக்கும் ஒன்பது வயது. யார் முதலில் நடந்தது என்று கேட்டால் எனக்கே ஒரு கணம் யோசனை வருகிறது. என் மாமியாருக்கு மட்டும் வருவதில்லை.

மெதுநடை:

மேலே எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 17.6 பலருக்கு ஆறுதல். என்னை அந்த ஆறுதல்தான் ஏமாற்றியது. ‘சில குழந்தைகள் தாமதமாகத்தான் நடக்கும்’ என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டேன். 18 மாதம் முடிந்தும் குழந்தை தனியாக நடக்கவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். என் மகன் இயன்முறைப் பயிற்சியெல்லாம் முடித்து மூன்று வயதில் நடந்தான்.

அதனால் எனக்குச் சுவரில் கோடு போடுவது பிடிக்காது. எங்கள் வீட்டில் ‘அளவு’ என்பது மருத்துவமனைச் சொல். கோட்டுக்குப் பதிலாக அவன் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். “நிழலுக்குக் கால் வலிக்குமா?” என்பது நான்கு வயதில் கேட்டது. என் சொந்தக் குறிக்கோள் என்ன என்று சென்ற வாரம் ஒரு தோழி கேட்டாள். ஒரு முழு இரவு விழிக்காமல் தூங்குவது என்றேன். அவள் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டாள்.

விரல்வலி:

சுருக்கமாக ஒன்று. 50 வயதில் கிதார் கற்கத் தொடங்கினேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எவரோ சொன்னதை நம்பி 22ஆம் நாள் காத்திருந்தேன்; விரல் நுனி வலித்தது, அவ்வளவுதான். பிறகு என் மகன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சி ஒன்றைக் காட்டினான். 96 பேரைக் கவனித்ததில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது; ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். நடுவில் ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் இருக்கிறது. அந்த ‘ஒருநாளை’ நான் இதுவரை பதினான்கு முறை பயன்படுத்தியிருக்கிறேன்.

பெஞ்சுக்காரி:

மெதுநடை, உங்கள் நோட்டைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. நான் எழுதியதில் அந்தப் பக்கம் இல்லவே இல்லை. எனக்குத் தோன்றவும் இல்லை. நிழலின் காலைப் பற்றி என் மகளிடம் சொன்னேன். நடுப்பகலில் வலிக்காது, மாலையில் நீண்டுவிடுவதால் வலிக்கும் என்பது அவள் தீர்ப்பு. உங்கள் மகனிடம் சேர்த்துவிடுங்கள்.

குளத்தில் நேற்று 14 மீட்டர்வரை போய்விட்டு நடுவில் காலை ஊன்றிவிட்டேன். சுவர் தெரிந்தது, மூச்சுதான் இல்லை. வீட்டுக்கு வந்து பென்சிலைத் தேடினோம், கிடைக்கவில்லை. விடிந்தால் மறந்துவிடும் என்று என் இடுப்பு உயரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறாள்.